கையா, காலா, பிடியா? சண்டைக் கலைகள்: வாசகர் கேள்வி – பதில்

கே: குத்துச்சண்டை, கையும் காலும் வீசும் தாய்லாந்தின் முவாய் தாய், தூக்கி வீசும் ஜூடோ, தரையில் மடக்கும் ஜியு-ஜிட்சு... இதில் எதுதான் பெரியது? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

ப: எந்த விதியில் மோதுகிறார்கள் என்று சொல்லாதவரை இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. இது மழுப்பல் இல்லை. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் குத்துச்சண்டை உலக சாம்பியன் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த நட்சத்திரம் அன்டோனியோ இனோக்கியும் மோதினார்கள். மொத்தம் 15 ரவுண்டு. இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். கிடப்பவரைக் குத்த அலிக்கு வழி இல்லை. எழுந்தால் குத்து விழும் என்பதால் இனோக்கிக்கு எழ மனம் இல்லை. ஆட்டம் டிரா. அலியின் கால் வீங்கிப்போனதுதான் மிச்சம்.

1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி (பல கலைக்காரர்களும் மோதும் கூண்டுச் சண்டைத் தொடர்) போட்டியில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மார்மேல் ஏறி உட்கார்ந்தார். மூட்டை முறுக்கும் எந்தப் பூட்டும் விழுவதற்கு முன்பே ஜிம்மர்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 ஆகஸ்டில் யூஎஃப்சி சாம்பியன் கானர் மெக்ரெகர் குத்துச்சண்டை விதிக்குள் வந்து ஃபிலாய்ட் மேவெதரிடம் 10-வது ரவுண்டில் தோற்றார்.

ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தூரத்தை வைத்து ஒப்பிடுங்கள். கால் எட்டும் தூரம், கை எட்டும் தூரம், உடம்போடு உடம்பு ஒட்டிப் பிடிக்கும் தூரம், தரை என்று சண்டையில் நான்கு இடங்கள். டேக்வாண்டோ முதல் இடத்தில் ராஜா. குத்துச்சண்டைக்கு இரண்டாவது இடம். முவாய் தாய்க்கு முதல் மூன்றும் தெரியும். ஜூடோவும் மல்யுத்தமும் மூன்றாவது இடத்தில் பிடித்து நான்காவது இடத்துக்கு இழுத்துச் செல்பவை. ஜியு-ஜிட்சு நான்காவதிலேயே குடியிருப்பது. தான் பலமாக இருக்கும் இடத்துக்கு ஆட்டத்தை இழுக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். கலையின் பெயர் ஜெயிப்பதில்லை.

கே: இரண்டு வருடம் குத்துச்சண்டை பழகிவிட்டு முவாய் தாய்க்கு வந்திருக்கிறேன். கை நன்றாகவே விழுகிறது. ஆனால் ஒவ்வொரு ஸ்பாரிங்கிலும் (பயிற்சி மோதல்) முன்கால் தொடை கன்றிப்போகிறது. குனிந்து விலகினால் முழங்கால் முகத்துக்கு நேராக வருகிறது. எங்கே தப்பு?

ப: தப்பு எதுவும் இல்லை. நீங்கள் கற்றதைச் சரியாகச் செய்கிறீர்கள். ஆனால் அது வேறொரு விதிக்காகக் கற்றது.

முதலில் நிற்கும் நிலை. குத்துச்சண்டையில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முன்பாதத்தைச் சற்று உள்பக்கம் மடக்கி நிற்பீர்கள். ஜாப் (முன்பக்கக் கையின் நேர்குத்து) போடும்போதும் ஹூக் (வளைத்து வீசும் குத்து) போடும்போதும் எடை முன்காலில் ஏறும். இடுப்புக்குக் கீழே அடிக்கவே கூடாது என்ற விதியில் இது நல்ல நிலை. தொடையில் விழும் லோ கிக் வந்துவிட்டால் தொடையின் வெளிப்பக்கமும் பின்பக்கமும் அப்படியே திறந்து கிடக்கும். எடை ஏறிய காலை நேரத்தில் தூக்கவும் முடியாது. இடுப்பை இன்னும் நேராகத் திருப்புங்கள். பாதங்களுக்கு இடையே தோள் அகலம் போதும். எடையில் பாதிக்குச் சற்று அதிகமாகப் பின்காலில் வையுங்கள். முன்காலின் குதிகால் தரையில் லேசாகத் தொட்டால் போதும், அழுந்தக் கூடாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நிற்கும்போது யாராவது 'தூக்கு' என்றால் உடம்பை ஆட்டாமல் முன்காலைத் தூக்க முடிய வேண்டும். ஒரு முறை பின்னால் சாய்ந்துவிட்டுத்தான் தூக்குகிறீர்கள் என்றால் நிலை இன்னும் மாறவில்லை.

அடுத்து, உதையைத் தடுக்கும் விதம். முழங்காலை வெளிப்பக்கமாகத் திருப்பித் தூக்குங்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கணைக்கால் தசை இறுகும். வரும் உதையை முழங்காலுக்குக் கீழே உள்ள தடித்த பகுதியில் வாங்குங்கள். கணுக்காலுக்கு அருகில் எலும்பு மெலிந்திருக்கும். அங்கே வாங்கினால் உதைத்தவரை விட உங்களுக்குத்தான் வலிக்கும். புதிதாக வருபவர்கள் காலை நேராக மேலே தூக்குவார்கள். அப்போது உதை பக்கவாட்டில் தசையில் இறங்கிவிடும். 45 பாகை வெளியே திருப்ப வேண்டும்.

மூன்றாவது, தலை. குனிவதையும் இடுப்பளவு வளைந்து மறுபக்கம் வருவதையும் குத்துச்சண்டையில் பாராட்டுவார்கள். இங்கே தலை கீழே போகிற இடத்தில்தான் முழங்கால் காத்திருக்கும். தலையை இரண்டு மூன்று அங்குலம் நகர்த்தும் சிறு விலகல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் பின்காலில் எடை போட்டு மேலுடம்பைப் பின்னால் சாய்ப்பது, அல்லது முன்னால் இருக்கும் கையை நீட்டி எதிராளியின் தோளையோ நெற்றியையோ அழுத்தித் தூரம் காப்பது.

நான்காவதாக, கைக்காவல். 16 அவுன்ஸ் கிளவுஸுக்குப் பின்னால் முகத்தை மூடி ஒளிந்துகொள்ளும் பழக்கம் இருந்தால், இரண்டு கைகளுக்கும் நடுவே முழங்கை நுழையும், அல்லது பின்கழுத்தைப் பிடித்து கிளிஞ்சுக்கு (உடம்போடு ஒட்டிப் பிடித்து மோதும் நிலை) இழுத்துவிடுவார்கள். கைகளை நெற்றி உயரத்துக்குத் தூக்கி, முகத்திலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளி வையுங்கள். விலா உயரத்துக்கு வரும் உதையை ஒற்றைக் கையால் வாங்கவே கூடாது. முன்கை எலும்பு முறிவதற்கு அது நேர்வழி.

கடைசியாக, குத்துகளின் எண்ணிக்கை. ஐந்தாறு குத்துகளை ஒரே மூச்சில் அடுக்கும்போது கால்கள் ஒரே இடத்தில் வேர்விட்டு நிற்கும். மூன்றாவது குத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே லோ கிக் விழும். இரண்டு மூன்று குத்தோடு நிறுத்தி, உதையில் முடியுங்கள். இடது ஹூக் போட்ட கையோடு வலது லோ கிக் இயல்பாக வரும். எடை ஏற்கெனவே இடது காலில் இருக்கிறது அல்லவா. மூன்று நான்கு வாரம் இப்படி ஒரு பயிற்சி செய்யுங்கள்: கூட்டாளி லோ கிக் மட்டும் போடட்டும், மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். நீங்கள் ஜாப் போடலாம், காலைத் தூக்கித் தடுக்கலாம், வேறொன்றும் செய்யக் கூடாது. 3 நிமிடம் வீதம் மூன்று சுற்று. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வீக்கம் குறையும்.

கே: கிக் பாக்ஸிங்கும் முவாய் தாயும் ஒன்றுதானே?

ப: இல்லை. 1993-ல் ஜப்பானில் தொடங்கிய கே-1 என்ற கிக் பாக்ஸிங் தொடரின் விதியில் முழங்கைக்கு இடமில்லை. கிளிஞ்சில் பிடித்தால் நடுவர் சட்டென்று பிரித்துவிடுவார். 3 நிமிட ரவுண்டுகள் மூன்று. அதனால் ஆட்டம் குத்துச்சண்டை வேகத்தில் ஓடும். முவாய் தாயில் 3 நிமிட ரவுண்டுகள் ஐந்து, இடையே 2 நிமிட ஓய்வு. கிளிஞ்சும் முழங்கையும் உண்டு. மாலை தொடுத்ததுபோல் குத்தினாலும் எதிராளி நிலைகுலையவில்லை என்றால் நடுவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உடம்பில் சத்தமாக விழும் ஓர் உதை அதைவிட மதிப்பு. முதல் ரவுண்டில் இருவரும் மெதுவாக ஆடுவதைப் பார்த்து சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பின்பாதி ரவுண்டுகளில்தான் வெற்றி தீர்மானமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கே: மல்யுத்தம், ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு மூன்றிலும் பிடித்துத் தள்ளுகிறார்கள். வேறுபாடு எங்கே?

ப: முதுகில். மூன்று கலைகளும் முதுகுக்குக் கொடுக்கும் பொருளைப் பார்த்தாலே மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

மல்யுத்தத்தில் இரண்டு தோள்பட்டையும் பாயில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் மல்யுத்த வீரர் செத்தாலும் மல்லாக்க விழ மாட்டார், உருண்டு குப்புறப் படுத்துவிடுவார். ஜூடோவில் எதிராளியை வேகத்தோடும் பலத்தோடும் முதுகு படும்படி வீசினால் இப்போன். ஆட்டம் அங்கேயே முடியும். எனவே வீசப்படும்போது காற்றிலேயே திரும்பி வயிற்றில் விழப் பார்ப்பார்கள். விழுந்ததும் ஆமைபோல் சுருண்டுகொள்வார்கள். தரையில் முன்னேற்றம் இல்லை என்றால் நடுவர் எழுப்பிவிடுவார் என்ற நம்பிக்கை. ஜியு-ஜிட்சுவில் முதுகில் கிடப்பது தோல்வியே அல்ல. இரண்டு கால்களையும் எதிராளியைச் சுற்றி வைத்துக் கீழிருந்தே தாக்கும் கார்டு என்ற நிலை இருக்கிறது. ஆனால் எதிராளிக்கு நம் முதுகுப் பக்கத்தைக் காட்டிவிட்டால் 4 புள்ளி போகும். அடுத்து கழுத்தும் போகும்.

ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடக்கும் விபத்துகள் இங்கேதான் ஆரம்பம். ஜியு-ஜிட்சு வகுப்புக்கு வரும் மல்யுத்த வீரர் எல்லோரையும் கீழே தள்ளுவார். பிறகு மல்லாக்க விழக் கூடாது என்ற பழக்கத்தில் திரும்பிக் குப்புறக் கவிழ்வார். பின்னாலிருந்து கழுத்து நெரிப்பு விழும். தலையை வெளிப்பக்கம் வைத்துக் கால்களைப் பிடிக்கப் பாயும்போது கழுத்து நீண்டு, முன்னாலிருந்து நெரிக்கும் கில்லட்டின் பிடியில் மாட்டுவது அவருக்கு வரும் இரண்டாவது விபத்து. தலையை எதிராளியின் விலாவோடு ஒட்டி, பார்வையை மேலே வைத்துப் பாய்ந்தால் இது பாதி குறையும்.

ஜூடோ வீரருக்கு வேறு சிக்கல். அவருடைய கைப்பிடி எல்லாம் சட்டைக் காலரிலும் சட்டைக் கையிலும் இருக்கிறது. சட்டை இல்லாத பிரிவில் அந்தப் பிடி அத்தனையும் காணாமல் போய்விடும். முதுகைக் காட்டித் தோள்மேல் தூக்கிப் போடும் சியோய் நாகே, வியர்த்த உடம்பில் வழுக்கினால், எதிராளி முதுகில் தொற்றிக்கொள்வார். காலால் வாரி வீசும் ஒசோட்டோ காரி, உச்சி மாட்டா இரண்டும் அக்குளுக்கடியில் கை நுழைத்த பிடியிலேயே வேலை செய்யும், அவற்றிலிருந்து தொடங்குங்கள். கூடவே ஒரு விஷயம்: ஜூடோ போட்டிகளில் காலைக் கையால் பிடிப்பதை 2010-ல் கட்டுப்படுத்தி, 2013-ல் முழுவதுமாகத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு பழகியவர்களுக்கு இரு காலையும் பிடிக்கும் பாய்ச்சலுக்கு எதிரான தற்காப்பு அறவே இருக்காது. இடுப்பைப் பின்னால் எறிந்து கால்களை விலக்கி, மார்பால் எதிராளியின் தோளை அமுக்கும் ஸ்ப்ரால் (sprawl) அசைவை முதல் வாரமே பழக வேண்டும்.

ஜியு-ஜிட்சு மட்டும் பழகியவரின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். நின்றபடி ஆட்டத்தைத் தரைக்குக் கொண்டுபோகத் தெரியாது. உட்கார்ந்துவிடுவார். போட்டியில் எதிராளி தொடர்ந்து வருவார். குத்துக்கு அனுமதி உள்ள இடத்தில் எதிராளி வராமல் நின்றபடி காலை உதைக்கவோ முகத்தில் குத்தவோ செய்யலாம். வாரத்தில் ஒரு வகுப்பாவது நின்ற நிலையில் தொடங்கி, முதலில் தரையைத் தொட்டவர் தோற்றார் என்று வைத்து விளையாடுங்கள்.

யாரிடம் எதை வாங்குவது என்று கேட்டால்: இழுத்துத் தள்ளும் வேகமும் உடல் உரமும் மல்யுத்தத்திலிருந்து, விழக் கற்பது ஜூடோவிலிருந்து, கீழே விழுந்த பிறகான பொறுமை ஜியு-ஜிட்சுவிலிருந்து. விழும் கலையில் முகவாயை மார்போடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, உள்ளங்கையால் உடம்பிலிருந்து 45 பாகை தள்ளித் தரையை அறைய வேண்டும். பயத்தில் கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவது எல்லோருக்கும் வரும் பிழை. முழு எடையும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் காறை எலும்பிலும் இறங்கும். ஒரு மாதம் போகும்.

கே: என் ஆசிரியர், 'நம் கலையில் கண்ணில் விரல் விடுவதும் குரல்வளையை அடிப்பதும் உண்டு, அதனால்தான் போட்டிக்குப் போவதில்லை' என்கிறார். அப்படியானால் போட்டிக் கலைகள் எல்லாம் விளையாட்டுத்தானா?

ப: 1882-ல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இதற்குச் செயலால் பதில் சொல்லியிருக்கிறார். பழைய ஜப்பானியக் கலையான ஜுஜுட்சுவில் இருந்த, பயிற்சியில் காயப்படுத்தும் நுணுக்கங்களை ரந்தோரி என்ற எதிர்ப்புப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவிட்டார். ஒதுக்கியதால் என்ன கிடைத்தது? மிச்சம் இருந்ததை முழு பலத்தோடு, முழு எதிர்ப்போடு, தினமும் பழக முடிந்தது. ஆபத்தான நுணுக்கத்தைக் காற்றில் ஆயிரம் முறை செய்தவரை விட, ஆபத்து குறைந்த ஒரு நுணுக்கத்தை எதிர்க்கிற ஆள்மீது ஆயிரம் முறை செய்தவர் கைக்குத்தான் அது ஒட்டும். கண்ணில் விரல் விடுவதும் அப்படித்தான், நகரும் தலையில் சரியாக எட்டுவதற்கு ஜாப் எட்டும் திறமை வேண்டும். அந்தத் திறமையை ஜாப் போட்டுத்தான் வளர்க்க முடியும்.

ஆகவே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வகுப்பு நேரத்தில் எவ்வளவு பங்கு, எதிராளி உண்மையாக எதிர்க்கிறார்? கால் மணி நேரம்கூட இல்லை என்றால் அது உடற்பயிற்சி, நடனம், ஒழுக்கம் என்று எதற்காகவும் நன்றாக இருக்கலாம். சண்டைக்கு இல்லை.

கே: 9 வயதுப் பையனுக்குக் கராத்தேயா, டேக்வாண்டோவா?

ப: முதலில் கராத்தே என்பது ஒன்றல்ல. ஷோட்டோகான் போன்ற புள்ளிப் போட்டிப் பாணிகளில் தொட்டுவிட்டு நிறுத்த வேண்டும், தலையில் பலமாக அடித்தால் தண்டனை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் இறுதியில் சவூதியின் தாரெக் ஹமெதி உதைத்த உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழுந்தார். அளவு மீறிய அடி என்று ஹமெதி தகுதி நீக்கப்பட்டார். மயங்கியவருக்குத் தங்கம். மசுதாத்சு ஓயாமாவின் கியோகுஷின் இதற்கு நேரெதிர்: வெறுங்கையால் மார்பிலும் வயிற்றிலும் முழு பலத்தில் அடிக்கலாம். முகத்தில் கையால் குத்தக் கூடாது, காலால் உதைக்கலாம்.

டேக்வாண்டோவில் மார்புக் கவசத்தில் மின்னணு உணரி இருக்கும். உடம்பில் குத்து 1 புள்ளி, உடம்பில் உதை 2, தலையில் உதை 3, சுழன்று உதைத்தால் அதற்கு மேல். முகத்தில் குத்து கிடையாது. கையைத் தொங்கவிட்டு ஒரு காலைத் தூக்கியபடியே நொண்டி ஆடுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. அந்த விதியில் அதுதான் புத்திசாலித்தனம். தீங்கு எங்கே வருகிறது என்றால், 10 வருடம் அப்படி ஆடியவர் வேறு விதிக்குள் போகும்போது முகம் திறந்தே கிடக்கும்.

பையனுக்கு எதுவானாலும் சரி. கால் நீட்சியும் சமநிலையும் டேக்வாண்டோவில் சீக்கிரம் வரும். தூரத்தை அளந்து பாய்ந்து வெளியேறும் உணர்வு ஷோட்டோகானில் வரும். அதே பாணியை வைத்துத்தான் லியோட்டோ மச்சீடா 2009-ல் யூஎஃப்சி லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுதாகப் பாருங்கள். வலுக்கட்டாயமாகக் காலை அகட்டி அமுக்குகிறார்களா? தலையில் பலமாக அடிக்கும் ஸ்பாரிங் உண்டா? இரண்டில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

கே: கறுப்புப் பட்டைக்கு எத்தனை வருடம்?

ப: ஜியு-ஜிட்சுவில் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. ஒழுங்காகப் பழகினாலும் பத்து வருடம் ஆவது சாதாரணம். கராத்தே, டேக்வாண்டோவில் பல இடங்களில் மூன்று முதல் ஐந்து வருடம். இரண்டையும் ஒரே துணி என்று ஒப்பிடாதீர்கள். குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் பட்டையே இல்லை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கே: கிளவுஸ் எத்தனை அவுன்ஸ் வாங்குவது? கைத்துணி கட்டாமல் பையை அடிக்கலாமா?

ப: அடிக்கலாம், விரல் எலும்பு முறிய ஆசை இருந்தால். பைக்கு 10 அல்லது 12 அவுன்ஸ். ஸ்பாரிங்குக்கு 14 முதல் 16. தொழில்முறைப் போட்டியில் பொதுவாக 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. எம்.எம்.ஏ. (எல்லாக் கலைகளும் கலந்த சண்டை) கிளவுஸ் வெறும் 4 அவுன்ஸ், விரல் திறந்தது. குத்துச்சண்டை பாணியில் அதற்குப் பின்னால் முகத்தை மறைக்கப் பார்த்தால் இடுக்கு வழியாகக் குத்து வந்துவிடும். கிளவுஸ் காப்பாற்றுவது அடிப்பவரின் கையை. அடிபடுபவரின் மூளை மண்டைக்குள் சுழல்வதை எந்தப் பஞ்சும் தடுக்காது.

கட்டுவதற்கு 4.5 மீட்டர் துணி நல்லது. விரல்களை அகல விரித்துக்கொண்டே கட்ட வேண்டும். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குப் போய் மூன்று சுற்று. அங்கிருந்து விரல் முட்டிகளுக்கு மேல் மூன்று சுற்று. பிறகு மணிக்கட்டிலிருந்து குறுக்காகச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே, மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே, நடுவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே என்று மூன்று முறை. கட்டைவிரலை ஒரு சுற்று பூட்டி, மீதியை முட்டியிலும் மணிக்கட்டிலும் தீர்த்து ஒட்டுங்கள். கையை மடக்கினால் இறுக வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல் நுனி நீலம் பாய்ந்தால் இறுக்கம் அதிகம். சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளில் அடி விழ வேண்டும். வீசி அடிக்கும் கையில் சுண்டுவிரல் முட்டி முதலில் பட்டு அதன் பின்னெலும்பு முறிவதுதான் வழக்கமான விபத்து.

கே: கழுத்து நெரிப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. குத்துவதை விட அது ஆபத்து இல்லையா?

ப: பார்க்கத்தான் அப்படி. சரியாகப் போட்ட நெரிப்பு குரல்வளையைத் தொடாது. கழுத்தின் இருபக்கமும் ஓடும் ரத்தக் குழாய்களை அமுக்கும். ஏறக்குறைய 10 விநாடியில் நினைவு தப்பும். அதற்கு முன்பே, 'விட்டுவிடு' என்பதற்கு அடையாளமாக, கூட்டாளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை தட்டிவிட வேண்டும். கை மாட்டிக்கொண்டால் காலால் தரையை உதைக்கலாம், வாயாலும் சொல்லலாம். முன்கை எலும்பு நேராகத் தொண்டைக் குழியில் அமுங்கினால் அது தப்பான நெரிப்பு. வலியும் இருமலும் குருத்தெலும்புக் காயமும் வரும். முழங்கை மடிப்பு சரியாகத் தாடைக்கு நேரே இருக்கும்படி நகர்த்தச் சொல்லிக்கொடுங்கள்.

ஒருவர் மயங்கிவிட்டால் உடனே விட்டு, மல்லாக்கக் கிடத்தி, கால்களைத் தூக்கிப் பிடியுங்கள். பெரும்பாலும் சில விநாடிகளில் விழித்துவிடுவார். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அன்றைக்கு அவருக்குப் பயிற்சி போதும். அரை நிமிடத்தில் விழிக்கவில்லை என்றாலோ பேச்சு குழறினாலோ மருத்துவ உதவி தேவை.

உண்மையாகப் பயப்பட வேண்டியது குதிகால் முறுக்கும் ஹீல் ஹூக்குக்கு. கையைப் பூட்டினால் முதலில் வலி, பிறகு காயம். ஹீல் ஹூக்கில் முழங்கால் தசைநார் முதலில் போகும், வலி பிறகு வரும். ஆகவே வலிக்குக் காத்திருக்காதீர்கள், பிடி விழுந்ததுமே தட்டுங்கள். ரஷ்யப் பிடிக்கலையான சாம்போவின் விளையாட்டுப் பிரிவில் கால் பூட்டு உண்டு, நெரிப்பு கிடையாது. ஜூடோவில் நெரிப்பு உண்டு, கால் பூட்டு கிடையாது. மூட்டில் முழங்கையை மட்டும்தான் பூட்டலாம்.

கே: நேராக எம்.எம்.ஏ. வகுப்பில் சேரலாமா, முதலில் ஏதாவது ஒரு கலையில் ஊறிவிட்டு வரவேண்டுமா?

ப: இரண்டுமே நடக்கிறது. ஆனால் பெரிய வீரர்களைப் பார்த்தால் ஆழமாக ஓர் ஊற்று இருக்கும்: ரோண்டா ரௌசிக்கு ஜூடோ, 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கியவர். கபீப் நுர்மகோமெதோவுக்கு சாம்போவும் மல்யுத்தமும், 29 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றார். இஸ்ரேல் அடெசானியாவுக்குக் கிக் பாக்ஸிங். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரு கதவை ஆழமாகத் திறப்பார், மற்ற கதவுகளை மூடி வைக்கும் அளவுக்கு மட்டும் பிறவற்றைக் கற்றிருப்பார்.

ஒன்றுதான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மல்யுத்தம். ஆட்டம் நின்றபடி நடக்க வேண்டுமா, தரையில் நடக்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் உரிமை அதில்தான் கிடைக்கிறது. முதல் வருடம் வாரத்துக்கு நான்கு வகுப்பு என்றால் இரண்டு பிடிக்கலை, இரண்டு அடிக்கலை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டையும் கலந்து ஒரு வகுப்பு. கலக்கும்போது எழும் சிக்கலைத் தனியாகப் பழக வேண்டும்: உதைத்த காலைப் பிடித்துத் தள்ளுவார்கள், தாழ்ந்து நின்றால் முழங்கால் வரும், நிமிர்ந்து நின்றால் காலுக்குப் பாய்வார்கள். தனித்தனி வகுப்புகளில் நன்றாக ஆடுபவர் கூண்டுக்குள் தடுமாறுவது இந்த இணைப்புகளில்தான்.

கே: வயது 42, முழங்காலில் தேய்மானம். எதையாவது தொடங்கலாமா?

ப: மருத்துவரிடம் காட்டிவிட்டு, தலையில் அடி விழாத குத்துச்சண்டைப் பயிற்சி: நிழல் சண்டை, பை, பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேட். 2 நிமிட ரவுண்டு நான்கில் தொடங்கி, ஆறு வாரத்தில் 3 நிமிடத்துக்கு ஏறுங்கள். குத்தும்போது பின்பாதத்தின் குதிகாலைத் தூக்கித் திருப்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டியிருக்க இடுப்பு மட்டும் திரும்பினால் முழு முறுக்கும் முழங்காலில் விழும். ஜியு-ஜிட்சுவும் முடியும், தரையிலிருந்தே தொடங்கும் பயிற்சிகளோடு. ஜூடோவும் டேக்வாண்டோவும் உங்களுக்கு வேண்டாம். ஒற்றைக்காலில் சுழல்வது அந்த முழங்காலுக்கு ஒத்துவராது.

கே: சிலம்பம் தெரிந்தவருக்கு வெறுங்கைச் சண்டையில் அது உதவுமா?

ப: காலடி உதவும். பக்கவாட்டில் விலகிச் சுழலும் பழக்கம் குத்துச்சண்டை வீரரிடம்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் கண் பழகியது கோலின் தூரத்துக்கு. கோல் இல்லாதபோது ஓரடி தள்ளியே நிற்பார், அவர் குத்து எட்டாது. முகத்துக்கு முன்னால் கை வைக்கும் பழக்கமும் இருக்காது. கைக்காவலோடு ஜாப் மட்டும் மூன்று மாதம் பழகினால் காலடியின் அருமை வெளியே வரும்.

கே: பிடிக்கலை பழகும் நண்பரின் காது காலிஃபிளவர் மாதிரி ஆகிவிட்டது. தடுக்க முடியாதா?

ப: முடியும், முதல் சில நாட்களில். உராய்விலும் அமுக்கத்திலும் காது மடலின் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் தேங்குகிறது. பஞ்சுபோல் வீங்கியதும் மருத்துவர் அதை வெளியேற்றி, மீண்டும் நிரம்பாதபடி அழுத்திக் கட்டிவிட்டால் காது பழைய வடிவத்துக்கு வரும். விட்டுவிட்டால் உள்ளே இறுகிக் கெட்டியாகிவிடும், பிறகு அறுவைதான். ஊசியை வாங்கி நீங்களே குத்தாதீர்கள், சீழ் பிடித்தால் காதே போகும். வீக்கம் வற்றும் வரை பிடிப் பயிற்சியை நிறுத்திவிட்டு, அதன் பிறகு காதுக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.